வடிவு கேட்காமல் விட்ட கேள்வி

இலை நனைந்திருக்கலாம், ஊறியிருக்கக் கூடாது. வடிவு கண்டுபிடித்து வைத்திருக்கிற சீசர் சாலட் சாஸ்திரத்தில் இதுதான் முதல் விதி, அதை எந்தக் கடைக்காரனிடம் போய்ச் சொல்வது, சொன்னால் கேட்கவா போகிறான், நெற்றியில் திருநீறும் கையில் மஞ்சள் பையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்தால் ஃபில்டர் காபிக்கு வந்தவள் என்றுதான் நினைப்பான், நினைத்துவிட்டுப் போகட்டும். ஜன்னலோர மேஜை கிடைத்துவிட்டது, அது போதும். நுங்கம்பாக்கத்துச் சந்து ஒன்றுக்குள் இருக்கிற இந்த ‘மஞ்சள் வாகை’ கஃபேயில் சனிக்கிழமை காலையில் இந்த மேஜை கிடைப்பது குதிரைக் கொம்பு. கறுப்பு ஏப்ரன் கட்டின பெண் வந்து நின்றதும் வடிவு வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டாள். “சீசர் சாலட்ல கோழி போடாமத் தருவியளாம்மா? முட்டை இல்லையே?” “சிக்கன் வேண்டாம்னா போட மாட்டோம் மேடம். மயோனீஸ் எக்லெஸ்தான்.” இந்த இரண்டு கேள்வியும் கேட்டாகிவிட்டால் வடிவுக்கு நிம்மதி, பரம்பரைச் சைவத்தைக் காப்பாற்றியாகிவிட்டது, அப்புறம் இலை ஆயிற்று, நாக்கு ஆயிற்று. ஆனால் இன்றைக்கு நிம்மதியாகத் தின்கிற நாளா இது. வரப்போகிறவள் ஜசிந்தா, தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, மெர்லினைப் பெற்றவள். கட்டிக்கொண்டால் மெர்லினைத்தான் என்று நிற்கிறான் வடிவின் ஒரே மகன் திருமலை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று பதமாகச் சொல்லி அனுப்பத்தான் வடிவு வந்திருக்கிறாள். பிள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்க, வாஸ்தவந்தான், ஆனா நமக்குள்ள பழக்கவழக்கம் ஒத்து வராது, தப்பா எடுத்துக்கிடாதீங்க. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், ஆட்டோவில் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் வந்தது, ‘தப்பா’ என்கிற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, அதைச் சரி பண்ணிக்கொள்ளலாம்.

சாலட் வர எப்படியும் நேரமாகும். நல்ல கடையில் நேரமாகத்தான் செய்யும், வந்து உட்கார்ந்த உடனே தட்டைக் கொண்டுவந்து வைக்கிறான் என்றால் காலையிலேயே கலக்கி வைத்துவிட்டான் என்று அர்த்தம், பெசன்ட் நகரில் அப்படித்தான் நடந்தது. கடலைப் பார்த்த மாடி, மூங்கில் நாற்காலி, தண்ணீரில் புதினா இலை மிதக்கிறது, பந்தாவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை, தட்டைப் பார்த்தால் முட்டைக்கோஸ். முட்டைக்கோஸையும் மக்காச்சோளத்தையும் மயோனீஸில் முக்கி வைத்துவிட்டு சீசர் என்று பெயர் வைக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும். அண்ணா நகரில் இலை நல்ல இலைதான், மொறுமொறுவென்று, கழுவி ஈரம் போகத் துடைத்த இலை, ஆனால் அந்த ரொட்டித் துண்டு இருக்கிறதே, கடைவாய்ப் பல்லுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி, பல் டாக்டரிடம் போய் நின்றதுதான் மிச்சம். முதன்முதலில் தின்றது வேளச்சேரியில், ஒரு பெரிய மாலுக்குள். சர்க்கரை வந்திருக்கிறது, சோற்றைக் குறையுங்கள், பச்சை இலை நிறையச் சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்ன வாரம் அது, இலையைப் பச்சையாகத் தின்ன நான் என்ன ஆடா என்று வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை திருமலைதான் கிளப்பிக்கொண்டு போனான். “ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்மா, பிடிக்கலேன்னா எந்திரிச்சு வந்துருவோம்.” ஒரு வாய் போட்டாள். தட்டைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாசத்துக்கு ஒரு கடை, அம்மாவுக்கு சீசர், பிள்ளைக்குப் பாஸ்தா, திரும்பி வருகிற வழியெல்லாம் தீர்ப்பு. “அந்தக் கடைக்கு மறுபடி போகலாமாம்மா?” “ரொட்டிக்காகப் போகலாம், இலைக்காகப் போக முடியாது.” “உனக்கு இது வியாதிம்மா.” ஆமாம், வியாதிதான், சர்க்கரையோடு சேர்ந்து வந்தது, இது மட்டும் இனிப்பான வியாதி.

ஆனால் எல்லாக் கடையையும் தூக்கிச் சாப்பிட்டது இந்த மஞ்சள் வாகைதான், இதைவிட்டால் அவுக ரிட்டயர் ஆனபோது ஆபீஸில் எல்லோருமாகச் சேர்ந்து விருந்து வைத்த அந்த நட்சத்திர ஓட்டல். அவுக என்றால் பிரமநாயகம், வடிவின் வீட்டுக்காரர், இரண்டு இட்லிக்கு மேல் உலகத்தில் ருசி உண்டு என்று ஒத்துக்கொள்ளாத மனுஷர். அந்த ஓட்டலில் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மரச்சட்டியில் பூண்டைத் தேய்த்து, எலுமிச்சை பிழிந்து, பழுப்பாக ஒரு விழுதை அரை ஸ்பூன் எடுத்துப் போட்டு, கண் முன்னால் கலக்கினான். அங்கேயும் கேட்டாள், கோழி இல்லையே, முட்டை இல்லையே. இல்லை என்றான். அந்தப் பழுப்பு விழுதில்தான் சூட்சுமம் என்று வடிவின் நாக்கு அந்த நிமிஷமே சொல்லிவிட்டது. நாக்கு என்றால் லேசுப்பட்ட நாக்கா. கல்யாணப் பந்தியில் சாம்பாரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கட்டிக் காயமா பொடிக் காயமா என்று சொல்லிவிடும் நாக்கு, சமைக்கிற தவசிப்பிள்ளைகள் எல்லாம் வடிவு வரும் பந்தியில் பயந்துகொண்டு பரிமாறியதாக மாமனார் வீட்டில் பேச்சே உண்டு. அப்பேர்ப்பட்ட நாக்குக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. உப்பு, ஆனால் வெறும் உப்பு இல்லை, புளிப்பு மாதிரி ஒன்று அடியில் ஓடும், தொண்டைக்கு இறங்கிய பிறகு ஒரு ஆழம் வரும், இன்னொரு வாய் கொடு என்று கேட்கும். வீட்டில் பண்ணிப் பார்த்தாள். புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டாள், ரசம் ஆகிவிட்டது. மோர்மிளகாயைப் பொடித்துப் போட்டாள், அவுக இருமினது மூன்று வீடு கேட்டது. கடைசியில் பரணிலிருந்து பழைய ஜாடியை இறக்கி, கறுத்துப்போன உப்பு நார்த்தங்காயை அரைத்துச் சேர்த்தபோது ஓரளவு கிட்டே வந்தது. அத்தோடு முடிவு கட்டிவிட்டாள், வெள்ளைக்காரன் ஊரிலும் நார்த்தங்காய் உண்டு, அதை வருஷக்கணக்கில் ஊறப்போட்டு அரைக்கிறான், இதுதான் சங்கதி. அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டாள்.

நார்த்தங்காயை நினைத்துக்கொண்டிருக்கும்போதே மீன் வந்து குறுக்கே விழுகிறது, என்ன செய்ய, இன்றைக்கு எதை நினைத்தாலும் கடைசியில் மீனில் போய்த்தான் முட்டுகிறது. மாடி வீட்டை முன்னே ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தார்கள், நல்ல குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பொரிப்பார்கள், வடிவு கீழே சாம்பிராணியைப் போட்டுக்கொண்டு எல்லா ஜன்னலையும் சாத்துவாள். “என் மூக்குக்குத் தப்பி மீன் இந்த வாசல்படி ஏறாது” என்று அப்போது சொன்னது, அதற்கப்புறம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், திருமலை மெர்லினைப் பற்றி வாயைத் திறந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். அவன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. “சரிம்மா” என்று எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தான். போன சனிக்கிழமை கஃபேக்கும் கூப்பிடவில்லை, ஆபீஸ் வேலை என்றான், வடிவு வீட்டில் உட்கார்ந்து ரவை உப்புமா தின்றாள். அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். கூட வேலை பார்க்கிற பெண் என்று சொல்லி ஒரு தடவை கஃபேக்குக் கூட்டிவந்தான், வந்து உட்கார்ந்த உடனே, “ஆன்ட்டி, அண்ணா நகர் கடையில ரொட்டி சரியில்லன்னு சொன்னியளாமே, பல்லு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டாளே, வடிவின் பல்லைப் பற்றி இதுவரை வேறு யார் கேட்டார்கள். பிடிக்கும். பயம் அதுவல்ல. மீனாவது மண்ணாவது, உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் பயம் வேறே. கல்யாணம் ஆகிவிட்டால் மாசத்தில் அந்தச் சனிக்கிழமை யாருக்கு. அவர்கள் இரண்டு பேரும் போவார்கள், போகத்தானே வேண்டும், இவள் அவுகளோடு உட்கார்ந்து இட்லியை விண்டுகொண்டிருப்பாள். இதை எப்படிப் பெற்ற பிள்ளையிடம் சொல்வது, வெட்கக்கேடு, மீன் என்றால் சொல்லலாம், மீனை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். இப்போது வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அவன் மறுபடி கூப்பிடுவானா. சரிம்மா என்பான், எழுந்து போய்த் தட்டைக் கழுவுவான்.

சாலட் வந்தது, ஆகா, இலை இலையாகப் பச்சை, விளிம்பில் மட்டும் டிரெஸ்ஸிங் பளபளக்கிறது, ரொட்டித் துண்டு பொன் நிறத்தில், மேலே சீஸ் சீவல். வடிவு இன்னொரு தட்டும் கேட்டு வாங்கினாள். எப்போதும் அப்படித்தான், முள்கரண்டி வாயில் படுவதற்கு முன்னால் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள், யாராவது வந்து உட்கார்ந்தால் எச்சில் படாததைக் கொடுக்க வேண்டாமா. எடுத்து வைத்துவிட்டுத் தன் பங்கில் முதல் வாய் போட்டாள், கண் தானாக மூடிக்கொண்டது, நார்த்தங்காய், நார்த்தங்காயேதான், என்ன ஊறல். இரண்டாவது வாயும் மூன்றாவது வாயும் போனது தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு அம்மாள் நிற்கிறாள், நல்ல உயரம், பருத்திச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, வெயிலில் வந்த வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு. “வந்து நேரமாச்சாக்கா? என்னால காத்துக் கெடந்தியளோ?” போனில் பேசியபோது இவ்வளவு தெரியவில்லை, நேரில் கேட்டால் அப்படியே நம்ம பக்கத்துப் பேச்சு, தாமிரபரணித் தண்ணி இவள் ஊருக்கும்தானே போகிறது. “இல்ல, இப்பதான் வந்தேன், உக்காருங்க” என்றாள் வடிவு, வாயில் இலை இருந்ததால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. ஜசிந்தா பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரர் காலமாகி வருஷமாகிறது, இதெல்லாம் திருமலை சொன்னதுதான். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், பாவம், இவளும் பஸ்ஸில் என்னென்ன சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாளோ. சொல்லிவிடலாம் என்று வடிவு இலையை விழுங்கினாள். பிள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்க, வாஸ்தவந்தான். வாஸ்தவந்தான் வரைக்கும் மனசுக்குள் வந்துவிட்டது, ஆனால் வெயிலில் வந்தவளிடம் ஒரு வாய் சாப்பிடச் சொல்லாமல் எப்படி இதைச் சொல்வது, அது மனுஷத்தனமா. “முதல்ல இதைச் சாப்பிடுங்க. எச்சி படலை, தனியா எடுத்து வச்சதுதான்.” “எனக்கும் சுகர்தான்க்கா, இலைன்னா பயமில்ல” என்று சிரித்துக்கொண்டே ஜசிந்தா தட்டை இழுத்துக்கொண்டாள்.

ஒரு இலையைக் குத்தி வாயில் வைத்தாள். மென்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அதுவரை இருந்த இறுக்கமெல்லாம் எங்கேயோ போய், கண் அகன்று, வீட்டுக்குள் நுழைந்தவள் முகமாக ஆகிவிட்டது. “அட, நெத்திலி” என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வடிவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், வடிவின் தட்டைப் பார்த்தாள், பாதி காலியான தட்டு. “இல்லக்கா, நான் ஒரு கூறு கெட்டவ. எங்களுக்கு எதைத் தின்னாலும் மீன் நெனப்புதான். இது வேற என்னவோ. சீஸா இருக்கும்.” பொய் சொல்கிறாள். எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று வடிவுக்குப் பளிச்சென்று தெரிந்தது, பொய் சொல்லத் தெரியாத முகம், காது வரை சிவந்துவிட்டது. வடிவு ஏப்ரன் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “இதுல நெத்திலி இருக்காம்மா?” “ஆமா மேடம், டிரெஸ்ஸிங்ல ஆங்கோவி வரும். நெத்திலி மாதிரி சின்ன மீன், உப்புல ஊறப்போட்டு அரைக்கிறது. எங்க ஸ்பெஷலே அதுதான்.” “நான் கேட்டேனே.” “சிக்கனும் முட்டையும்தான் கேட்டீங்க மேடம். மீன் கேக்கலையே.” அந்தப் பெண் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்கவில்லை. ஒரு கடையில்கூட கேட்டதில்லை. கோழி போடுவான் தெரியும், முட்டை போடுவான் தெரியும், ஆனால் இலைக்குள் போய் எவனாவது மீனை ஒளித்து வைப்பான் என்று சைவ வீட்டில் பிறந்த ஒருத்திக்கு எப்படித் தோன்றும்.

நெத்திலி. வடிவு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது குமட்டும், இதோ குமட்டப் போகிறது என்று காத்திருந்தாள், எழுந்து ஓட வேண்டியிருக்கும், வாஷ்பேசின் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டாள், வயிறு பாட்டுக்குச் சிவனே என்று கிடக்கிறது. மரச்சட்டிக்காரன் போட்ட பழுப்பு விழுது நெத்திலி. தொண்டைக்கு இறங்கிய பிறகு வந்த ஆழம் நெத்திலி. இன்னொரு வாய் கேட்டது நெத்திலி. சாம்பிராணி போட்டு, ஜன்னலைச் சாத்தி, மூக்குக்குத் தப்பி வாசல்படி ஏறாது என்று மார்தட்டிவிட்டு, சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போய், எச்சில் படாமல் பாதி எடுத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றது நெத்திலி. பெசன்ட் நகர்க்காரனுக்குப் போட்ட குறை மார்க் எதற்காக, அவன் ஒருத்தன்தான் மீன் போடாத யோக்கியன், அவனைத்தான் ஊரெல்லாம் ஏசினாள். நாலு பேருக்கு நார்த்தங்காய் என்று வகுப்பு வேறு எடுத்தாயிற்று, அந்த நாலு பேரும் இன்றைக்கும் ஜாடியை இறக்கி அரைத்துக்கொண்டிருப்பார்கள். அவுகளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், சாகிற வரைக்கும் அந்த மனுஷருக்கு இது போதும், தோசைக்குச் சட்னி கேட்கும்போதெல்லாம் நெத்திலிச் சட்னியா என்பார். வருத்தப்பட வேண்டும், வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது, போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும், ஈசன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்துகொண்டிருப்பது குமட்டல் இல்லை, வேறே என்னவோ. பழக்கவழக்கம் ஒத்து வராது, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒத்து வராதாம். எத்தனை சனிக்கிழமையாக ஒத்து வந்துகொண்டிருக்கிறது. வடிவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது.

ஜசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பதறிப்போய் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நர்ஸ் கை தன்னால் வடிவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. “அக்கா, என்ன செய்யுது? தெரியாம நடந்ததுக்கா. கடவுள் இதையெல்லாம் கணக்குல வைக்க மாட்டாரு. கொஞ்சம் தண்ணி குடிங்க.” வடிவு குடித்தாள். சிரிப்பு ஒருவழியாக அடங்கியது. கையை மட்டும் ஜசிந்தா விடவில்லை. தனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யை நினைத்தாள் வடிவு, இந்தத் திருநீற்றைப் பார்த்துப் பயந்து சொன்ன பொய் இல்லை அது, என் மனசு நொந்துவிடக் கூடாதே என்று சொன்னது, தன் வீட்டுக்கு வரப்போகும் பெண்ணும் இவள் வளர்த்த பெண்தானே, பல்லு எப்படி இருக்கு என்று கேட்டவள். “தை மாசம் வச்சுக்கிடலாமா?” என்றாள். “எதைக்கா?” “கல்யாணத்தைத்தான்.” ஜசிந்தா காகித நாப்கினை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு,” என்றாள் வடிவு, இதை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, “மாசத்துல ஒரு சனிக்கிழமை என் பிள்ளை என்னோட வரணும். உங்க மகளையும் கூட்டிட்டு வரட்டும், நீங்களும் ஊர்ல இருந்து வந்துருங்க. ஆனா என்னை விட்டுட்டுப் போகப்பிடாது.” சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது, இந்த வயசில் சின்னப் பிள்ளை மாதிரி. “விட்டுட்டுப் போவாங்களாக்கா? மெர்லின் போன்ல பாதி நேரம் உங்க சாலட் கதைதான் சொல்லுதா,” என்றாள் ஜசிந்தா. வடிவு தன் தட்டைப் பார்த்தாள். இன்னும் பாதி இருந்தது, இலை ஊறவில்லை, நல்ல இலை, நல்ல டிரெஸ்ஸிங், இந்தச் சென்னையிலேயே முதல் இடம், அதில் மாற்றம் இல்லை. தட்டை ஜசிந்தா பக்கம் நகர்த்தினாள். “இதையும் நீங்களே முடிச்சிருங்க. எச்சி பட்டதுதான்.” “சொந்தத்துக்குள்ள என்னக்கா எச்சி,” என்று ஜசிந்தா முள்கரண்டியை எடுத்தாள்.

ஏப்ரன் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள், சண்டை வரும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. “மேடம், உங்களுக்கு வேற ஏதாவது கொண்டு வரட்டுமா?” “இதையேதான் கொண்டு வாம்மா, எனக்கு ஒரு தட்டு,” என்றாள் வடிவு. “கோழி போடக் கூடாது. முட்டை இல்லையே?” வழக்கமான இரண்டையும் கேட்டுவிட்டு, பழக்கதோஷம், அத்தோடு நிறுத்திவிட்டாள். ஜசிந்தா வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

“மீனும் இருக்கக் கூடாதும்மா. டிரெஸ்ஸிங்கைப் புதுசாக் கலக்கச் சொல்லு, வந்ததும் நான் ஒரு வாய் பாத்துட்டுத்தான் குடுப்பேன்,” என்றாள். “எங்க சம்பந்தி சைவம்.”